செவ்வாய், நிலா, டைட்டன்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்தை நம்ம கரையில் யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். இஸ்ரோவின் யூடியூப் நேரலையை மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் போனைச் சுற்றி நின்றவர்களும் அதில் உண்டு. அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, வலை சரிபண்ணும் இடத்தில், பள்ளிக்கூட வாசலில், ராமநாதபுரம் பேருந்தில். ஒரே கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இறங்கும் நாளில் எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். ஆனால் ரோபோவுக்கு வேலை ஆரம்பிப்பதே அந்த மறுநாள்தான். அதைத் தினமும் கூடவே இருந்து பார்க்கிற வசதி இன்றைக்குப் பாம்பனில் இருப்பவருக்கும் இருக்கிறது, கலிபோர்னியாவில் இருப்பவருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

செவ்வாயை நம்ம கரையிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில், நட்சத்திரங்கள் அளவுக்கு மினுக்காமல் நிலையாக எரிகிற புள்ளி அது. ஆனால் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமி உள்வட்டத்தில் செவ்வாயை முந்திப் போகும், அந்த வாரங்களில் சூரியன் மறையும்போது செவ்வாய் கிழக்கே எழுந்து விடியும் வரை வானத்தில் நிற்கும். 2025 ஜனவரியில் அப்படி வந்தது, அடுத்தது 2027 பிப்ரவரியில், சிம்ம ராசி நட்சத்திரங்களுக்கு நடுவில். அப்போது தூரம் சுமார் 10 கோடி கிலோமீட்டர். 2003 ஆகஸ்டில் 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்தது, அந்த அளவுக்குப் பிரகாசத்தை 2027-இல் எதிர்பார்க்காதீர்கள்.

தேவிபட்டினம், தொண்டி மாதிரி கிழக்கே கடல் பார்த்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, கடலிலிருந்து எழும்பும்போதே பிடித்துவிடலாம். தனுஷ்கோடி இன்னும் நல்ல இருட்டுதான், ஆனால் சாயங்காலத்துக்கு மேல் வெளியூர்க்காரர்களை அங்கே இருக்க விடுவதில்லை, அதனால் அந்த யோசனை வேண்டாம்.

ஆகஸ்ட் 27 ராத்திரி செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்னு வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் வருதே?

பொய். நிலா அளவுக்கு என்றைக்குமே தெரியாது. இது கிளம்பியது 2003-இல். அந்த வருஷம் ஆகஸ்ட் 27-இல் செவ்வாய் ரொம்ப நெருங்கி வந்தது, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணால் நிலாவைப் பார்க்கிற அளவுக்கு இருக்கும் என்று ஒரு மின்னஞ்சல் சுற்றியது. தொலைநோக்கி என்கிற பகுதி போகிற வழியில் கழன்றுவிட்டது, மீதி மட்டும் இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளை எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஏமாந்து திரும்பினால், அடுத்த முறை நிஜமாகவே நல்ல காட்சி வரும்போது அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

இப்ப அங்க எத்தனை வண்டி ஓடுது?

இதை எழுதும்போது இரண்டு. 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி, 2021 பிப்ரவரி 18-இல் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ். இரண்டும் நாசாவுடையவை, ஒவ்வொன்றும் ஒரு கார் அளவு, எடை கிட்டத்தட்ட ஒரு டன். சீனாவின் ஜுரோங் 2021 மே மாதம் இறங்கி ஒரு வருஷம் ஓடியது, 2022 குளிர்காலத்தில் தூங்கப் போனது எழுந்திருக்கவில்லை. முதன்முதலில் ஓடிய வண்டி 1997-இல் இறங்கிய சோஜர்னர், வெறும் பத்தரை கிலோ. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கலங்கள் தனிக் கணக்கு.

யாராவது உட்கார்ந்து ரிமோட்ல ஓட்டறாங்களா?

இல்லை, ஓட்டவும் முடியாது. செவ்வாய் இருக்கிற தூரத்தைப் பொறுத்து நம் ரேடியோ சமிக்ஞை அங்கே போய்ச் சேரவே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும், பதில் வர இன்னும் அவ்வளவு. முன்னால் பாறை இருக்கிறது என்று வண்டி சொல்லி, நாம் நிறுத்து என்று சொல்வதற்குள் அது மோதி முடித்திருக்கும். அதனால் ஒரு நாளைக்கான வேலை முழுவதையும் மொத்தமாக எழுதி அனுப்புகிறார்கள்: இவ்வளவு தூரம் போ, இந்தப் பாறையைப் படம் எடு, கையை நீட்டு, சாயங்காலம் மேலே பறக்கிற கலத்துக்குத் தகவலைக் கொடு. வண்டி அதை ஒவ்வொன்றாகச் செய்கிறது, வழியில் கல் இருந்தால் படம் பிடித்துத் தானே சுற்றிப் போகிறது. பெர்சிவியரன்ஸ் இதில் ரொம்பக் கெட்டி.

செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். இறங்கிய புதிதில் வேலை செய்கிற குழுவினர் செவ்வாய் நேரத்துக்கே வாழ்ந்தார்கள், தினமும் அலுவலகம் போகிற நேரம் 40 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சாயங்காலத்தில் காலைச் சாப்பாடு. கடலுக்குப் போகிற ஆட்களுக்கு அந்த வாழ்க்கை ஓரளவு புரியும்.

இறங்குறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

செவ்வாயின் காற்று மண்டலம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உரசிச் சூடாக்கிக் கலத்தை எரிக்கிற அளவுக்குக் காற்று உண்டு, பாராசூட் மட்டும் விரித்துப் பத்திரமாக இறங்குகிற அளவுக்கு இல்லை. இதுதான் சிக்கல். மணிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிற பெர்சிவியரன்ஸ் ஏழே நிமிடத்தில் பூஜ்ஜிய வேகத்துக்கு வரணும். முதலில் வெப்பக் கவசம், அப்புறம் 21.5 மீட்டர் அகலப் பாராசூட், அதையும் கழற்றிவிட்டு ராக்கெட் பொருத்திய ஒரு மேடை வண்டியைக் கயிற்றில் கட்டி மெல்லக் கீழே இறக்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு தூரப் போய் விழும். இவ்வளவும் யாருடைய உதவியும் இல்லாமல் அது தானாகவே செய்யணும், ஏனென்றால் அது நுழைந்துவிட்டது என்கிற செய்தி நமக்கு வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

2012-இல் கியூரியாசிட்டி இறங்கியபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நடுராத்திரி தாண்டியும் ஜனங்கள் பெரிய திரையைப் பார்த்து நின்றார்கள். பெர்சிவியரன்ஸ் இறங்கியபோது ஒவ்வொரு கட்டத்தையும் உலகத்துக்கு அறிவித்த குரல் சுவாதி மோகன் என்கிற இந்திய வம்சாவளிப் பொறியாளருடையது.

நிலவில் காற்றே இல்லை, பாராசூட்டுக்கு வேலையே கிடையாது, முழுக்க என்ஜினை நம்பித்தான் இறங்கணும். 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் இறங்கு கலம் விக்ரம் கடைசி இரண்டு கிலோமீட்டரில் தவறியதும், நான்கு வருஷம் கழித்து அதே பெயரில் இன்னொன்று அழகாக இறங்கியதும் நாம் பார்த்ததுதான். அதற்கு நடந்த சோதனைகளில் நிலவு மண்ணுக்குப் பதிலாகப் போட்டது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறையை அரைத்த மண். நிலவின் மேட்டுப் பகுதிகளில் இருக்கிற அனார்த்தசைட் என்கிற அதே வகைப் பாறை அங்கே கிடைக்கிறது.

கமுதி சோலார்ல ரோபோ வந்து தகட்டைத் துடைக்குதே, செவ்வாய் வண்டிக்கு ஒரு துடைப்பான் வைக்கக் கூடாதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கேட்டது ஒரு பாலிடெக்னிக் பையன். கமுதியில் 648 மெகாவாட் மின்நிலையத்தில் தகடுகளை ரோபோ துடைக்கிறது உண்மைதான், இல்லையென்றால் நம்ம ஊர்ப் புழுதியில் மின்சாரம் குறைந்துபோகும். செவ்வாயிலும் அதே புழுதிப் பிரச்சினை, இன்னும் மோசமாக. நாசாவின் ஆப்பர்சூனிட்டி வண்டி 2004 ஜனவரியில் 90 நாள் வேலைக்குப் போனது, பதினாலு வருஷத்துக்கு மேல் ஓடி 45 கிலோமீட்டரைத் தாண்டியது, கடைசியில் 2018 ஜூனில் கிரகம் முழுவதையும் மூடிய புழுதிப் புயலில் சூரிய வெளிச்சம் கிடைக்காமல் அடங்கியது. நிலநடுக்கம் கேட்கப் போன இன்சைட் கலமும் தகட்டில் படிந்த புழுதியால்தான் 2022 டிசம்பரில் முடிந்தது.

அப்படியானால் ஏன் வைக்கவில்லை? ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. துடைப்பானுக்கு மோட்டார் வேண்டும், அதுக்கு மின்சாரம் வேண்டும், உறைபனிக் குளிரில் சிக்கிக்கொண்டால் பாதித் தகட்டை அதுவே மறைத்து நிற்கும். அந்த எடையில் தகட்டையே கொஞ்சம் பெரிதாக வைத்துவிடலாம், அல்லது இன்னொரு கருவியைக் கொண்டு போகலாம். அதோடு செவ்வாய்க் காற்றே அவ்வப்போது சுழன்றடித்துத் தகட்டைச் சுத்தம் பண்ணியும் கொடுத்தது, ஆப்பர்சூனிட்டி அவ்வளவு வருஷம் ஓடியது அந்தப் புண்ணியத்தில்தான். இன்சைட் குழுவினர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ரோபோக் கையால் மண்ணை அள்ளித் தகட்டின் பக்கத்தில் மெல்லக் கொட்டினார்கள், காற்று அந்தப் பெரிய மணல் துகள்களைத் தகட்டின்மேல் ஓட்டிக்கொண்டு போக, ஒட்டியிருந்த பொடிப் புழுதியும் சேர்ந்து போனது. கொஞ்சம் மின்சாரம் கூடியது. மண்ணைக் கொட்டி மண்ணைத் துடைத்தார்கள்!

கியூரியாசிட்டிக்கும் பெர்சிவியரன்ஸுக்கும் சோலார் தகடே கிடையாது. 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு வெளிவிடும் சூட்டிலிருந்து சுமார் 110 வாட் மின்சாரம், நம் வீட்டில் ஒன்றிரண்டு மின்விசிறி சுற்றுகிற அளவு. அதில்தான் ஒரு டன் வண்டி ஓடுகிறது.

"பேட்டரி குறையுது, இருட்டுது"ன்னு ஒரு ரோபோ கடைசியா சொல்லிச்சாமே?

அந்த வார்த்தைகளை ஆப்பர்சூனிட்டி அனுப்பவில்லை. கடைசியாக வந்தது வெறும் எண்கள், மின்சாரம் எவ்வளவு இருக்கிறது, வானம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்கிற அளவுகள். ஒரு பத்திரிகையாளர் அதைச் சாதாரண மொழியில் சொன்னார், ஜனங்கள் அதை ரோபோவின் வாயிலேயே போட்டுவிட்டார்கள். அதைப் படித்து அழுதேன் என்று ஏர்வாடியில் ஒரு அக்கா சொன்னார். அழுததில் தப்பே இல்லை அக்கா, எண்களுக்கும் அர்த்தம் அதுதான்.

அந்தச் சின்ன ஹெலிகாப்டர் என்ன ஆச்சு?

இன்ஜெனுவிட்டி. 1.8 கிலோ எடை, பெர்சிவியரன்ஸின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு போனது. 2021 ஏப்ரல் 19-இல் மூன்று மீட்டர் உயரத்துக்கு எழும்பி 39 விநாடி பறந்தது, வேறொரு கிரகத்தில் என்ஜின் வைத்துப் பறந்த முதல் பறத்தல் அதுதான். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம், அது சாதகம், ஆனால் காற்று இல்லாத குறைக்கு இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றணும். அதை ஓட்டிய சிப் பழைய ஸ்மார்ட்போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 801.

ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் முடிந்தது எப்படி என்றால், கீழே இருக்கிற கற்களைக் கேமராவால் அடையாளம் வைத்துத்தான் தன் வேகத்தை அது கணக்குப் போடும், கடைசிப் பறத்தலில் கீழே ஒரே மாதிரி வழவழவென்று மணல் அலைகள், பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லை, தரையிறங்கும்போது இறக்கை உடைந்தது. அரிச்சல்முனையில் கண்ணுக்கெட்டிய வரை மணலாக இருக்கிற இடத்தில் ட்ரோன் விட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும்.

படத்துல சூரியன் மறையிறது நீலமா இருக்கு, அது ஏஐ படமா?

அது நிஜம். செவ்வாயில் பகல் வானம் மங்கிய பழுப்பு, அந்தி நேரத்தில் சூரியனைச் சுற்றி மட்டும் நீலம், நமக்கு நேர் எதிர். காற்றில் மிதக்கும் மிகப் பொடியான புழுதி நீல வெளிச்சத்தை முன்பக்கமாக நன்றாகக் கடத்துவதால் அப்படி. சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது: வண்டிகள் அனுப்புகிற படங்களைத் திருத்தாமல் அப்படியே நாசா தன் தளத்தில் போடுகிறது, எந்தக் கேமரா, எந்த நாள் என்ற விவரத்தோடு, பல சமயம் வந்த சில மணி நேரத்துக்குள். கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. விஞ்ஞானிகள் காலையில் பார்க்கிற அதே படம்தான்.

அங்க உயிர் இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இதுவரை கிடைத்ததிலேயே நல்ல துப்பு இப்போது கையில் இருக்கிறது. ஜெசிரோ என்பது முன்னொரு காலத்தில் ஏரி, ஆறு வந்து கலந்து வண்டல் கொட்டிய இடம். அந்த ஆற்றுப் பாதையில் 2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஒரு பாறையைப் பார்த்தது, செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மேலெல்லாம் சிறுத்தைப் புள்ளி மாதிரி வட்டங்கள், அந்தப் புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்பைடு வகைக் கனிமங்கள், கூடவே கரிமப் பொருள். 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது, உயிரின் தடயமாக இருக்கச் சாத்தியம் உண்டு என்கிற அளவில்.

ஏன் இந்தப் பரபரப்பு என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தொண்டிப் பக்கம் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போனவர்கள் கொஞ்சம் சேற்றைக் கிளறிப் பாருங்கள், மேலே பழுப்பு, கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிரிகள் மக்கிய இலையைத் தின்று, கடல் நீரில் இருக்கிற சல்பேட்டை மாற்றிவிடுகின்றன, அது இரும்போடு சேர்ந்து உண்டாகிற இரும்பு சல்பைடுதான் அந்தக் கறுப்பு. சேறு, மக்கிய பொருள், இரும்பு, கந்தகம், இவை சேருகிற இடத்தில் இங்கே அந்த வேலையைச் செய்வது உயிர். அதே சேர்க்கை செவ்வாயின் பழைய சேற்றுப் பாறையிலும் இருக்கிறது. ஆனால் உயிரே இல்லாமல் வெறும் வேதியியலாலும் இப்படி ஆகலாம், அதற்குப் பொதுவாக அதிக வெப்பம் மாதிரியான சூழல் வேண்டும், அந்தப் பாறை அப்படிச் சூடானதாகத் தெரியவில்லை. இவ்வளவுதான் இப்போதைக்கு.

முடிவு தெரியணும் என்றால் அந்தப் பாறையில் துளைத்து எடுத்து வண்டி பத்திரமாக வைத்திருக்கும் குழாய் பூமிக்கு வரணும். கொண்டுவருகிற திட்டம் செலவு எகிறியதால் நின்றுபோய்க் கிடக்கிறது. இதற்கு முன் ராக்கெட் வெடித்துப் போன திட்டங்கள் உண்டு, பாராசூட் விரியாமல் போனதுண்டு, அதெல்லாம் மனசு ஆறிவிடும், கையில் எடுத்து வைத்ததைக் கொண்டுவர முடியாமல் நிற்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. சீனா தன் பங்குக்கு தியான்வென்-3 கலத்தை 2028 வாக்கில் அனுப்பிச் செவ்வாய் மண்ணைக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் சரி, வரணும்.

நம்ம மங்கள்யான் என்ன கண்டுபிடிச்சது? இப்ப பேச்சையே காணோமே?

2013 நவம்பர் 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் கிளம்பியது. செவ்வாய்க்கு நேராகத் தூக்கி எறிகிற பலம் அந்த ராக்கெட்டுக்குக் கிடையாது, அதனால் பூமியையே சுற்றவிட்டுச் சுற்றுப்பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, டிசம்பர் 1-ஆம் தேதிதான் பூமியை விட்டு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 300 நாள் தூங்கிய என்ஜினை 2014 செப்டம்பர் 24 காலையில் 24 நிமிடம் எரிக்கணும், எரியாவிட்டால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். எரிந்தது. முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றிய முதல் நாடு நாம்தான். பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற படம் அன்றைக்கு உலகம் முழுக்கப் போனது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிப் பக்கம், அதை மேற்பார்த்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம்.

கருவிகள் மொத்தம் 15 கிலோதான், பெரிய கண்டுபிடிப்புகளை எதிர்பார்த்து அனுப்பியதும் இல்லை, போகத் தெரியுமா என்று பார்க்கத்தான். ஆனால் 77,000 கிலோமீட்டர் வரை விலகிப் போகிற நீள்வட்டப் பாதையில் இருந்ததால் செவ்வாயின் முழு முகத்தையும் ஒரே படத்தில் எடுத்தது, டீமோஸ் என்கிற சின்ன நிலவின் மறுபக்கத்தையும் எடுத்தது. ஆறு மாத ஆயுளுக்குப் போனது ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தது, 2022 ஏப்ரலில் தொடர்பு போய்விட்டது. இன்னும் அங்கேதான் சுற்றுகிறது.

இங்க குடிதண்ணிக்குக் குடத்தோட நிக்கிறோம், 450 கோடியை அங்க கொட்டணுமா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரை விஞ்ஞானத்துக்கு எதிரி மாதிரிப் பார்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முதலில் கணக்கு: மங்கள்யானுக்கு ஆன 450 கோடி, நாட்டில் தலைக்கு நாலு ரூபாய்கூட வராது. அந்தக் காசு மிச்சமானால் சாயல்குடிக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, தண்ணீர் வராததற்குக் காரணங்கள் பூமியிலேயே இருக்கின்றன.

செவ்வாய்க்குப் போனதால் யாருக்கும் ஒரு கிலோ மீன் கூடுதலாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை, அப்படிக் கிடைத்த மாதிரிப் பேசுவது தப்பு. ஆனால் அந்த வேலையைச் செய்கிற அதே ஆட்கள், அதே ஆண்டெனா, அதே தொழிற்கூடம்தான் ஓஷன்சாட், இன்சாட் செயற்கைக்கோள்களையும் செய்தது. கடலின் சூட்டையும் பாசியின் நிறத்தையும் வானத்திலிருந்து பார்த்து ஐதராபாத்திலிருக்கும் இன்கோயிஸ் என்கிற கடல் தகவல் மையம் மீன் கூடும் இடத்தைச் சொல்வது அதில்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போனபோது நம் நாட்டிடம் சொந்தமாக ஒரு செயற்கைக்கோளும் இல்லை. இன்றைக்குப் புயல் வங்கக் கடலில் உருவாகும்போதே படம் வருகிறது, படகைக் கரையில் ஏற்றிக்கொள்கிறோம்.

அது போக, பயனே இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளணும் என்கிற ஆசை ஏழைக்கு இருக்கக் கூடாதா? பாம்பனில் பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா என்னிடம் கேட்டது காசைப் பற்றி இல்லை, அங்கே கடல் இருந்ததா, அந்தத் தண்ணி எங்கே போனது என்றுதான் கேட்டார். இருந்தது, அம்மா. செவ்வாயைச் சுற்றியிருந்த காந்தப் புலம் போனதும் சூரியக் காற்று அதன் காற்று மண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது, தண்ணீரில் ஒரு பங்கு அப்படி விண்வெளிக்குப் போனது, மீதி பனியாகவும் பாறைக்குள்ளும் இருக்கிறது.

ரோபோ போய் இறங்கிட்ட பிறகும் செவ்வாய் தோஷம் பார்க்கலாமா?

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்லைச் சுற்றி வந்து கும்பிடுகிறவர்களின் நம்பிக்கையில் நான் கை வைக்கப் போவதில்லை, நவகிரகத்தைக் கும்பிடுவது வேறு விஷயம். ஆனால் தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணின் கல்யாணத்தை வருஷக்கணக்கில் தள்ளிப் போடுவதைப் பற்றிக் கேட்டால் நேராகவே சொல்கிறேன்: அந்தக் கிரகத்தில் நாம் பார்த்தது பாறை, புழுதி, பனி, கார்பன் டை ஆக்சைடு. யாருடைய வாழ்க்கையையும் கெடுக்கிற ஒன்றும் அங்கே இல்லை.

நம்ம பேரை அனுப்பலாமாமே?

ஆமாம், அவ்வப்போது கேட்டு வாங்குகிறார்கள். பெர்சிவியரன்ஸில் ஒரு கோடியே ஒன்பது லட்சம் பெயர்கள் சிப்பில் பொறித்துப் போயிருக்கின்றன, வியாழனின் நிலவுக்குப் போய்க்கொண்டிருக்கும் யூரோப்பா கிளிப்பரில் 26 லட்சம். இலவசம்தான், யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று. 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. எனக்கு இது இன்றுவரை குறைதான்.

செவ்வாயை விட்டா வேற எது நல்லா இருக்கும்?

டைட்டன். கடல்கரையில் பிறந்தவர்கள் சனியின் இந்த நிலவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது என்பது என் ஆசை. பூமியைத் தவிர மேற்பரப்பில் கடல் இருக்கிற ஒரே உலகம் நமக்குத் தெரிந்து அதுதான். மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, கடலில் கலக்கிறது, எல்லாம் தண்ணீர் இல்லை, மீத்தேனும் ஈத்தேனும், மைனஸ் 179 டிகிரி குளிரில் திரவமாக. 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் என்கிற ஐரோப்பியக் கலம் அங்கே இறங்கி அனுப்பிய படத்தில் ஆற்றுப் படுகையில் உருண்ட கூழாங்கல் மாதிரி கற்கள், அவை பாறையாக உறைந்த தண்ணீர். காற்று நம்முடையதைவிட அடர்த்தி, ஈர்ப்போ ஏழில் ஒரு பங்கு, பறப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால்தான் டிராகன்ஃபிளை என்று எட்டு விசிறி வைத்த ஒரு கார் அளவு ட்ரோனை 2028-இல் அனுப்பப் போகிறார்கள், போய்ச் சேர 2034 ஆகும். அது இறங்குவது மணல்மேட்டுப் பகுதியில், கடலில் இல்லை. அந்தக் கடலில் ஒரு படகு விடுகிற திட்டத்தை ஒருமுறை பரிசீலித்து விட்டுவிட்டார்கள், அதை யாராவது மறுபடி எடுக்கணும்.

யூரோப்பா இன்னொரு அதிசயம், பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்கள் மொத்தத்தையும்விட அதிகத் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு, உப்புக் கடல். கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030 ஏப்ரலில் சேரும், இறங்காது, 49 முறை பக்கத்தில் பறந்து பார்க்கும். வெள்ளிக்கு 2028-இல் ஒரு சுற்றுக்கலம் அனுப்ப நம் இஸ்ரோவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

குலசேகரப்பட்டினத்துல இருந்து செவ்வாய்க்கு ராக்கெட் போகுமா?

செவ்வாய்க்குப் போகாது. அங்கே வருவது சின்னச் செயற்கைக்கோள்களுக்கான எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் தளம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடுகிற ராக்கெட் இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து போகணும், அதில் எரிபொருள் வீண். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே விடலாம். ஏவுகிற நாளில் கடலில் ஒரு பகுதிக்குள் போகக் கூடாது என்ற அறிவிப்பு வரும், அது நம் படகுகளுக்கு முன்கூட்டியே, தெளிவாக வந்து சேரணும், அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

என் பிள்ளைக்கு இதுல ஆசை, என்ன படிக்கணும்?

கணக்கும் இயற்பியலும் பிடித்திருந்தால் போதும், மீதிக்கு வழி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவின் யுவிகா முகாம் உண்டு, அதற்கான அறிவிப்பை வருஷத் தொடக்கத்திலிருந்தே கவனியுங்கள். பன்னிரண்டு முடித்து ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதினால் திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களையும் இஸ்ரோ எடுக்கிறது, ஃபிட்டர், வெல்டர் இல்லாமல் ராக்கெட் ஏது? ராமேசுவரத்தில் படகுக்காரர் வீட்டில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்துப் போன அப்துல் கலாம்தான் 1980 ஜூலை 18-இல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர். பேக்கரும்பு நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் செல்ஃபி எடுத்ததும் திரும்பிவிடாமல் அங்கே இருக்கிற ராக்கெட் மாதிரிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அவர்கள் கேட்கிற கேள்வியை அடக்காதீர்கள்.

வண்டிகளுக்குப் பெயர் வைத்ததே பள்ளிப் பிள்ளைகள்தான், சோஜர்னர், கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் எல்லாமே போட்டியில் ஜெயித்த பெயர்கள். வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமராப் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கி, வண்ணம் சரிசெய்து திருப்பிப் போடலாம், உலகம் பார்க்கிற வியாழன் படங்களில் நிறைய அப்படி வந்தவை. அதற்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும்.

அடுத்து எல்லாரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி என்ன வருது?

சந்திரயான்-4. நிலவில் இறங்கி, மண்ணை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மேலே கிளம்பிப் பூமிக்குத் திரும்பி வரணும். 2024 செப்டம்பரில் 2,104 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. இறங்குவது, மேலே எழும்புவது, சுற்றுப்பாதையில் இன்னொரு கலத்தோடு இணைவது, பூமிக் காற்றுக்குள் நுழைவது என்று நாலைந்து முறை மூச்சைப் பிடிக்க வேண்டிவரும். அதற்குள் பழகிக்கொள்ளணும் என்றால் இன்றைக்கே பெர்சிவியரன்ஸின் இன்றைய படங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கல்லும் மணலும்தான் இருக்கும், சில நாள் சக்கரத் தடம் இருக்கும். நாலு நாள் தொடர்ந்து பார்த்தால் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.